மூன்று கட்டை டார்ச்சும் மற்றவையும்

கல்வராயன் மலையில் கிராம சுகாதார நர்சாக நான் மூன்றரை வருடம் வேலை பார்த்தேன். அந்த மூன்றரை வருடத்தில் நான்கு டார்ச் வாங்கினேன். மலையில் இருந்தேன் என்று சொன்னால் எல்லோரும் கரடியைப் பற்றிக் கேட்பார்கள். கரடியை நான் பார்த்ததே இல்லை. டார்ச்சைப் பற்றிச் சொல்ல என்னிடம் நிறைய இருக்கிறது. அதை இதுவரை யாரும் கேட்கவில்லை.

டார்ச் என்றால் இராத்திரிக்கு என்று நினைப்பார்கள். எனக்கு அது பகலில்தான் அதிகம் வேண்டியிருந்தது. வெள்ளிமலைக்கு அப்பால் என் பொறுப்பில் இருந்த சிற்றூர்களில் வீட்டுக் கூரை இடுப்பளவுக்கு இறங்கியிருக்கும். குனிந்து, கிட்டத்தட்ட உட்கார்ந்த மாதிரி உள்ளே போக வேண்டும். ஜன்னல் கிடையாது. குளிருக்கு அதுதான் சரி, வைத்தியத்துக்குத்தான் சரியில்லை. உச்சி வெயில் நேரத்தில் போனாலும் நோயாளி எந்த மூலையில் இருக்கிறார் என்பதை இருமலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பிறந்த குழந்தையின் கண் மஞ்சளாக இருக்கிறதா, பெரிய குழந்தையின் தொண்டை சிவந்திருக்கிறதா என்பதெல்லாம் அந்த இருட்டில்தான் பார்த்தாக வேண்டும். பிரசவமான வீட்டில் பச்சைக் குழந்தையை வெளியே தூக்கி வர ஒப்ப மாட்டார்கள்.

அரசாங்கம் எனக்குக் கொடுத்த பையோடு ஒரு பட்டியலும் வந்தது. பட்டியலில் டார்ச் இருந்தது. பையில் இல்லை. மேலே எழுதிக் கேட்டேன். பட்டியலில் இருக்கிறதே என்று பதில் வந்தது.

அதனால் முதல் டார்ச்சை நானே வாங்கினேன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கடிகாரம், ரேடியோ, டார்ச் விற்கிற ஒரு கடை இருந்தது. கடைக்காரர் மரியாதையான மனுஷர். நான் மலைக்குப் போகிறேன் என்றதும் உள்ளே போய் ஒரு டப்பாவை எடுத்து வந்தார்.

"இது லேடீஸ் டார்ச்சும்மா."

"லேடீஸ் டார்ச்சுன்னா இன்னாங்க?"

"சிவப்பா இருக்கும்."

பேட்டரிக்கு எங்கள் பக்கம் கட்டை என்று பெயர். அது இரண்டு கட்டை போடுகிற தகர டார்ச். சிவப்பாக இருந்தது என்பதில் எந்தக் குறையும் சொல்ல முடியாது. இரண்டாவது வாரமே சுவிட்ச் தளர்ந்துவிட்டது. உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினால் எரியும், கொஞ்ச நேரத்தில் அணையும், மறுபடி தட்ட வேண்டும். தட்டுவதற்கு ஒரு கை வேண்டும். என் ஒரு கையில் குழந்தையின் தலை இருக்கும், இன்னொரு கையில் பஞ்சு இருக்கும். ஒரு வீட்டில் குழந்தையின் தகப்பனுடைய அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் 'தட்டுங்க' என்று சொல்லும்போதெல்லாம் டார்ச்சைத் தட்டிக் கொடுத்தாள். கடைசியில் அவளாகவே ஒரு தாளம் பிடித்துக்கொண்டாள். மழைக்காலம் முடிவதற்குள் உள்ளே தண்ணீர் போய், கட்டை பொங்கி, ஸ்பிரிங் துருப்பிடித்து, டார்ச் மூடியைத் திறக்கவே முடியாமல் போய்விட்டது.

இரண்டாவது, பேனா மாதிரி இருக்கும் டார்ச். டாக்டர்கள் சட்டைப் பையில் வைத்திருப்பார்கள். அதன் வெளிச்சம் நாலணாக் காசு அளவுக்கு விழும். தொண்டை பார்க்க அருமையான சாமான். ஆனால் நாலணா அளவு வெளிச்சத்தை வைத்துக்கொண்டு இருட்டில் தொண்டை எங்கே இருக்கிறது என்று தேடுவது கஷ்டம். அதற்குப் போடுகிற சின்னக் கட்டை மலையில் எந்தக் கடையிலும் கிடைக்காது. எப்படியோ நான்கு மாதம் ஓட்டினேன். பிறகு ஒரு குழந்தை அதைக் கடித்துவிட்டது.

இந்தச் சமயத்தில்தான் மலேரியாக்காரர் இதில் நுழைந்தார். பதினைந்து நாளைக்கு ஒருமுறை மலைக்கு வந்து, காய்ச்சல்காரர்களின் விரலில் குத்தி, கண்ணாடிச் சில்லில் இரத்தம் எடுத்துப் போவது அவர் வேலை. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தவர். நல்லவர், ஆனால் எதையும் விட்டுக்கொடுக்க மாட்டார். அவரிடம் ஒரு பட்டாளத்து டார்ச் இருந்தது. பட்டாளத்தில் இருந்து வந்த மச்சான் கொடுத்ததாம். பச்சை நிறம். தலை மட்டும் பக்கவாட்டில் திரும்பியிருக்கும். முதுகில் ஒரு கொக்கி. சட்டைப் பையில் மாட்டிக்கொண்டால் இரண்டு கையும் காலியாக இருக்கும், வெளிச்சம் நேராக முன்னால் விழும்.

"சிஸ்டர், டார்ச்சு வாங்கறதுன்னா இத மாதிரி வாங்கணும். நீங்க வாங்கறது எல்லாம் வெளையாட்டுச் சாமான்," என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது சரியாக இருந்ததால் இன்னும் கொஞ்சம் அதிகமாக வந்தது. எது நல்ல டார்ச் என்று பார்த்தே விடுவோம் என்றேன். அடுத்த தடவை அவர் வரும்போது காட்டிலாகா வாட்சரிடம் கேட்டு அவருடைய டார்ச்சை வாங்கி வைத்திருந்தேன். அது மூன்று கட்டை போடுகிற பித்தளை டார்ச். என் முழங்கை நீளம் இருக்கும். முழுவதும் கெட்டி. தலைப்பக்கம் கோயில் மணி மாதிரி அகன்றிருக்கும்.

ஒரு மத்தியானம், சோறு சாப்பிட்ட பிறகு, என் துணை சுகாதார நிலையத்தில் சோதனை நடந்தது. மலேரியாக்காரர் தன் நோட்டில் கோடு போட்டு எழுதத் தயாராக உட்கார்ந்தார். முதலில் போடுதல். வாசல் படியில் நின்று இடுப்பு உயரத்தில் இருந்து கீழே இருந்த பாறையில் போட வேண்டும். பட்டாளத்து டார்ச் விழுந்தது, எரிந்தது. பித்தளை டார்ச் விழுந்தது, எரிந்தது, பாறையில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். அவர் பாறையைப் பற்றிய பேச்சு இதில் வேண்டாம் என்றார்.

அடுத்தது தண்ணீர். இரண்டையும் வாளியில் முக்கி நூறு எண்ணினோம். பட்டாளத்து டார்ச்சுக்குள் ஒரு சொட்டுப் போகவில்லை. பித்தளை டார்ச் கொஞ்சம் குடித்திருந்தது. திறந்து துடைத்துப் போட்டால் எரிந்தது. அவர் அதைப் பெரிய எழுத்தில் எழுதினார்.

மூன்றாவது வெளிச்சம். மருந்து வைக்கிற அறைக்கு ஜன்னல் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு, பின் சுவரில் பொட்டலம் கட்டி வந்த செய்தித்தாளை ஒட்டினோம். எத்தனை அடி தூரத்தில் நின்று படிக்க முடிகிறது என்பதுதான் கணக்கு. பட்டாளத்து டார்ச்சின் வெளிச்சம் பரவலாக, மங்கலாக விழுந்தது. ஆறடிக்கு மேல் அவரால் தலைப்பைத் தவிர வேறு எதையும் படிக்க முடியவில்லை. கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொன்னார். பித்தளை டார்ச்சைப் பிடித்ததும் அறையின் கடைசியில் நின்றே பொடி எழுத்தைப் படிக்க ஆரம்பித்தார். "இட ஒதுக்கீடு கேட்டு சாலை மறியல். மரங்கள் வெட்டிச் சாய்ப்பு. பஸ்கள் நிறுத்தம்." பேப்பர் பழசு. மலைக்கு எந்தச் செய்தியும் பொட்டலமாகத்தான் வரும். கீழே இப்படியெல்லாம் நடக்கிறது என்பது எனக்கு அந்தச் சோதனையில்தான் தெரிந்தது. அவர் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு, "பன்னெண்டு அடி," என்று நோட்டில் எழுதினார்.

கடைசிச் சோதனை, இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும் என்பது. இதில்தான் தான் ஜெயிக்கப்போவதாக அவர் நினைத்திருந்தார். பட்டாளத்து டார்ச்சை என்னிடம் கொடுத்தார். அதன் கொக்கியை நான் எங்கே மாட்டுவது? புடவையில் சட்டைப் பை கிடையாது. இடுப்பில் செருகினால் வெளிச்சம் அடுப்பைப் பார்த்தது. தோளில் மாட்டினால் கூரையைப் பார்த்தது.

"பை இல்லன்னா அதுக்கு நான் இன்னா பண்றது சிஸ்டர்?" என்றார்.

பித்தளை டார்ச்சைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் வைத்து, கன்னத்தால் அழுத்திக்கொண்டேன். கனம் அதிகமாக இருந்ததால் அது அசையாமல் உட்கார்ந்தது. தலையணையைக் குழந்தையாகப் பாவித்து இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தேன். தலையணையின் முகத்தில் நேராக வெளிச்சம் விழுந்தது. அவர் நோட்டை மூடிவிட்டார்.

அடுத்த மாதம் கூட்டத்துக்குக் கள்ளக்குறிச்சிக்குப் போனபோது அதே கடையில் மூன்று கட்டை பித்தளை டார்ச் கேட்டேன். கடைக்காரர் எடுக்கத் தயங்கினார்.

"இத லேடீஸ் எடுக்க மாட்டாங்கம்மா. கரும்புக் காவலுக்குப் போறவங்க எடுப்பாங்க. வெளிச்சத்துக்குன்னு கூட இல்ல, கையில ஒண்ணு இருக்கட்டும்னு."

"வெளிச்சம் வருமா?"

"அதுவும் வரும்."

அந்த டார்ச் ஒரு வருடத்துக்கு மேல் என்னோடு இருந்தது. எத்தனை தொண்டை பார்த்தேன் என்று கணக்கில்லை. அதைக் கன்னத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்தால் குழந்தைகள் ஆச்சரியத்தில் தாங்களாகவே வாயைத் திறந்துவிடும். என் இடது தோள் கொஞ்சம் இறங்கிவிட்டதாக அம்மா சொன்னாள்.

அம்மா வீடு களமருதூரில். இட ஒதுக்கீட்டு மறியலை இந்தத் தடவை ஒரு வாரத்துக்கு என்று அறிவித்திருந்த சமயத்தில், சித்தப்பா மகளுக்குக் காது குத்துகிறார்கள் என்று நான் அங்கே போய் மாட்டிக்கொண்டேன். ஊரில் பாதிப் பேர் போராட்டத்துக்குப் போயிருந்தார்கள். மீதிப் பேர் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்கள். வியாழக்கிழமை மலையில் தடுப்பூசி போடுகிற நாள். மருந்து ஐஸ் பெட்டியில் வரும். நான் இல்லையென்றால் ஐஸ் கரைந்து மருந்து வீணாகும். அதனால் புதன்கிழமை காலையில் கிளம்பினேன். உளுந்தூர்பேட்டை போய் அங்கிருந்து கள்ளக்குறிச்சிப் பக்கம் கிளம்பிய ஒரே ஒரு பஸ்ஸில் ஏறினேன். பாதி வழியில் நின்றுவிட்டது.

"இதுக்கு மேல வண்டி போவாது. போறவங்க நடந்து போங்க, திரும்பறவங்க ஏறி உக்காருங்க," என்றார் கண்டக்டர்.

பெரும்பாலானவர்கள் ஏறி உட்கார்ந்தார்கள். நான் நடந்தேன். ரோட்டின் இரண்டு பக்கமும் புளிய மரங்கள் இருந்த இடத்தில் அடிமரங்கள் மட்டும் இருந்தன. மரங்கள் ரோட்டின் மேல் கிடந்தன. இலை இன்னும் வாடவில்லை. முதல் மரத்தைத் தாண்டும்போது யாரும் இல்லை. இரண்டாவது மரத்தைக் கிளைக்குள் புகுந்து தாண்டினேன். மூன்றாவது மரம் மிகப் பெரியது. அதன் பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் கோடாலியோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் எழுந்து வந்து பையைத் திறக்கச் சொன்னான். இருபது வயது இருக்கும். மேலே இருந்த புடவையை விலக்கியதும் டார்ச் தெரிந்தது.

"இன்னாக்கா இது?"

"டார்ச்சு."

"போலீஸ் டார்ச்சு மாதிரி இருக்குது. நீ யாரு?"

"மலையில நர்சு."

"நர்சுக்கு எதுக்கு இம்மாம் பெரிய டார்ச்சு?"

"தொண்டைய பாக்க."

அவன் டார்ச்சை வெளியே எடுத்தான். "யாரு தொண்டைய?" என்றான்.

மற்றவர்களும் எழுந்து வந்தார்கள். டார்ச் கை மாறிக்கொண்டே போனது. ஒவ்வொருவரும் அதைத் தூக்கி எடை பார்த்தார்கள். ஒருவர் தன்னிடமும் ஒன்று இருப்பதாகச் சொல்லி மரத்தடியில் இருந்து ஒரு இரண்டு கட்டை டார்ச்சை எடுத்து வந்தார். அதற்குத்தான் வெளிச்சம் ஜாஸ்தி என்றார். இன்னொருவர் இல்லை என்றார். காலை பதினோரு மணி வெயிலில் இதை எப்படித் தீர்ப்பது என்று தெரியவில்லை. ரோட்டுக்குக் கீழே ஒரு மதகு இருந்தது. நான்கைந்து பேர் பள்ளத்தில் இறங்கி மதகுக் குழாய்க்குள் தலையை விட்டு இரண்டு டார்ச்சையும் அடித்துப் பார்த்தார்கள். என்னுடையது அடித்ததும் உள்ளே தூங்கிக்கொண்டிருந்த நாய் மறுபக்கமாக எழுந்து ஓடிவிட்டது. அதோடு விஷயம் முடிந்தது.

நாயை எல்லோரும் பார்த்தார்கள், ஒருவரைத் தவிர. நாற்பது வயது இருக்கும் அவருக்கு. எல்லோரும் அவரை அண்ணே என்றார்கள், அவர் சொன்னபடி கேட்டார்கள். அவர் மட்டும் ஒரு கண்ணைத் துண்டால் பொத்திக்கொண்டிருந்தார். என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"காலையில மரம் வெட்டறப்ப இன்னாவோ தெறிச்சதும்மா. அதுலேர்ந்து தண்ணியா கொட்டுது. நடுவுல ரெண்டு வார்த்த பேசச் சொன்னாங்க, பேசினேன். நான் அழுவறேன்னு நெனச்சிக்கினு எல்லாரும் அழுவறாங்க. நானும் சொல்லல."

சாய்ந்த மரத்தின் மேல் அவரை உட்கார வைத்தேன். ஒரு புடவையை விரித்து இரண்டு பேர் வெயிலை மறைத்துப் பிடித்தார்கள். டார்ச்சைக் கன்னத்தில் இடுக்கிக்கொண்டேன். அவர் தலையைப் பிடித்துப் பின்னால் சாய்த்து, தீக்குச்சியை இமை மேல் வைத்து இமையைத் திருப்பி ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். உள்ளே மேல் மடிப்பில், எள்ளில் பாதி அளவுக்கு மரப்பட்டைத் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. மறு கையில் இருந்த சுத்தமான துணி முனையால் எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதை மறு கண்ணால் பார்த்தார்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான். ரெண்டு நாளைக்கிக் கசக்காதீங்க."

அவர் கண்ணைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தார். பிறகு, "நீ எப்பிடிம்மா இந்த வேலைக்கி வந்த?" என்று கேட்டார். பயிற்சி முடித்துவிட்டு, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, வருடக்கணக்கில் காத்திருந்ததைச் சொன்னேன்.

"எம் பொண்ணு பத்தாவது படிக்கிது. அதுக்கும் நர்சு வேலைதான் புடிக்கும்ங்குது. படிச்சிட்டு வூட்ல உக்காந்துக்கினு இருக்கக் கூடாதுன்னுதான் நாங்க ரோட்ல வந்து உக்காந்துக்கினு இருக்கோம்." சாய்ந்து கிடந்த புளிய மரத்தைத் தடவினார். "இதுவும் பாவம்தான். எங்க தாத்தா காலத்து மரம்."

கணக்கில் நல்ல மார்க் வாங்கச் சொல்லுங்கள் என்றேன். அவரே என் பையைத் தூக்கிக்கொண்டு மரத்தின் அந்தப் பக்கம் வரைக்கும் வந்தார்.

அரை மைல் தாண்டியதும் போலீஸ் வண்டி நின்றிருந்தது. அதன் நிழலில் ஏழெட்டுப் போலீஸ்காரர்கள். ஒரு ஏட்டு, நரைத்த மீசை, என் பையைத் திறக்கச் சொன்னார்.

"இது இன்னாம்மா?"

"டார்ச்சுங்க. தொண்டைய பாக்க."

யாருடைய தொண்டையை என்று அவர் கேட்கவில்லை. டார்ச்சைக் கையில் வாங்கி எடை பார்த்தார். உள்ளங்கையில் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினார்.

"இத எடுத்துக்கினு இந்த ரோட்ல நடக்கக் கூடாதும்மா. ஆயுதம்னு சொல்லிப் புடுங்கிக்குவாங்க."

"யாருங்க?"

"நாங்கதான்," என்றார்.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவர்களுக்கு இரண்டு டார்ச் கொடுத்திருக்கிறார்களாம். ஒன்று எரியவே இல்லை, இன்னொன்று அதுவாக நினைத்தால் எரிகிறதாம். மூன்று நாளாக ரோட்டிலேயே கிடக்கிறார்களாம். "நாலு நாளு குடுத்துட்டுப் போங்க. நீங்களும் கவர்மெண்டு, நாங்களும் கவர்மெண்டு. மலை பஸ்ஸுல குடுத்து அனுப்பிடறேன்."

கொடுக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். இன்றைக்கும் அதை யோசிக்கிறேன். அவர் மிரட்டவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். நடந்து என் கால் வீங்கியிருந்ததைப் பார்த்து, வண்டியில் கள்ளக்குறிச்சியில் இறக்கிவிடுவதாகவும் சொன்னார். நான் பிளாஸ்திரியில் ஒரு துண்டு கிழித்து அதில் என் துணை நிலையத்தின் பெயரை எழுதி டார்ச்சின் மேல் ஒட்டிக் கொடுத்தேன்.

கள்ளக்குறிச்சியில் ஒரு தோழி வீட்டில் தங்கி, மறுநாள் கச்சிராயபாளையம் வரைக்கும் டிராக்டரிலும் மேலே பெரும்பாலும் நடந்துமாக மலை ஏறினேன். தடுப்பூசி மருந்து வரவில்லை. அதைக் கொண்டுவரும் வண்டியும் எங்கேயோ மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தது.

நாலு நாள் என்பது மூன்று வாரம் ஆனது. அதுவரைக்கும் வெளிச்சத்துக்குக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பாதி கண்ணாலும் பாதி ஊகத்தாலும் வேலை பார்த்தேன். பஸ் மறுபடி ஓட ஆரம்பித்த பிறகு ஒருநாள் கண்டக்டர் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றைக் கொடுத்தார்.

"ஏட்டு குடுக்கச் சொன்னாருங்க."

"வேற ஒண்ணும் சொல்லலியா?"

"தேங்க்ஸ் சொன்னாருங்க."

புதுக் கட்டை மூன்று போட்டிருந்தது. பிளாஸ்திரி ஒட்டியபடியே இருந்தது. நன்றாகத் துடைத்துத்தான் அனுப்பியிருந்தார்கள். தலைப்பக்கத்து விளிம்பில் கட்டைவிரல் பதிகிற அளவுக்கு ஒரு நசுங்கல். கண்ணாடியைப் பிடித்திருக்கும் வளையத்தைக் கழற்றித் துடைக்கலாம் என்று திருகினேன். வளையத்தின் மரையில் மூன்று நான்கு முடி சிக்கியிருந்தது. என்னுடையது இல்லை. குட்டையாக இருந்தது. அதோடு சேர்ந்து காய்ந்துபோய் இருந்தது என்ன என்று நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை, அது என் தொழில்.

ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். துடைக்கும்போது, அந்த மரத்தடியில் நான் பிடித்துச் சாய்த்த தலையின் முடி நீளமா குட்டையா என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். நீளம் என்றுதான் தோன்றியது. பிறகு அதுவும் நிச்சயமில்லாமல் போயிற்று. அங்கே பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள், அந்த ரோட்டில் அந்த மாதிரி எத்தனையோ மரங்கள் கிடந்தன. மாதக் கூட்டத்துக்குப் போனபோது ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த அந்தத் தோழியிடம், அந்த வாரம் தலையில் அடிபட்டு யாராவது வந்தார்களா என்று கேட்டேன். "யாராச்சுமான்னா கேக்கற?" என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

டார்ச் நன்றாக எரிந்தது. அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதைக் கழுத்தில் வைத்துக் கன்னத்தால் அழுத்த முடியவில்லை. முதல் தடவை முயன்றபோது தோள் தானாக விலகி, டார்ச் கீழே விழுந்தது. குழந்தையின் தாய் எடுத்துக் கொடுத்தாள். இரண்டாவது தடவையும் விழுந்தது. கையில் பிடித்துக்கொண்டு மற்றொரு கையால் மட்டும் வேலை பார்த்தேன். அப்படிப் பார்க்கவா அதை வாங்கினேன்?

மலேரியாக்காரர் வந்தபோது நடந்ததைச் சொன்னேன். அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போய், கட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, சோப்புப் போட்டு, மணல் போட்டு, மறுபடி சோப்புப் போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்தார். பிளாஸ்திரியும் போயிருந்தது.

"சாமான் இன்னா பண்ணும் சிஸ்டர்?" என்றார்.

"அதுக்கு ஒண்ணுமில்ல சார். எனக்குத்தான்."

"எனக்குக் குடுங்க. நான் வச்சிக்கறேன்."

கொடுத்தேன். அதற்குப் பதிலாகத் தன் பட்டாளத்து டார்ச்சைத் தருவதாகச் சொன்னார். அது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். புடவையில் பை இல்லை என்று சொல்லி மறுத்துவிட்டேன்.

கள்ளக்குறிச்சிக் கடைக்காரர் நான்காவது தடவை என்னைப் பார்த்ததும், கேட்காமலேயே கெட்டியான சாமான்களாக எடுத்து மேஜை மேல் வைத்தார். ஐந்து கட்டை போடுகிறது ஒன்று, விளிம்பில் முள் முள்ளாக இருந்தது ஒன்று.

"இதெல்லாம் எது மேல அடிச்சாலும் ஒண்ணும் ஆவாதும்மா," என்றார்.

"அடிச்சா ஒடையற மாதிரி எது இருக்குதுங்க?"

அவர் எனக்கு வெயில் ஏறிவிட்டதோ என்று பார்த்தார். கண்ணாடி அலமாரியின் அடித்தட்டில் இருந்து மஞ்சள் பிளாஸ்டிக் டார்ச் ஒன்றைத் தயக்கத்தோடு எடுத்தார். கையில் இருப்பதே தெரியவில்லை. வெளிச்சம் சுமார். "இது நிக்காதும்மா, சின்னப் புள்ளைங்க வெச்சி வெளையாடறது," என்று இரண்டு தடவை சொன்னார். அதையே எடுத்துக்கொண்டேன்.

அதை முதலில் எடுத்தது ஐந்து வயதுப் பெண் குழந்தைக்கு. மூக்கில் மொச்சைக் கொட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு நாள் முழுக்க யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறது. கொட்டை உள்ளே ஊறிப் பெருத்துவிட்டது. வழக்கமான இருட்டு வீடு. குழந்தை தாயின் மடியில் உட்கார்ந்து என்னை நெருங்க விடாமல் உதைத்தது. இந்த டார்ச்சைக் கழுத்தில் இடுக்கினால் நிற்கவில்லை, எடை போதவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் அதைக் குழந்தையின் கையிலேயே கொடுத்தேன். அழுகை நின்றது.

"மூக்குல அடி," என்றேன்.

அது என் மூக்கில் அடித்தது.

"உன் மூக்குல."

தாயின் மூக்கில் அடித்தது. பிறகு கூரையில், பானையில், கோழியின் மேல். கடைசியில் இரண்டு கையாலும் பிடித்துத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பி, உள்ளே என்ன தெரிகிறது என்று தானே பார்க்க முயன்றது. பார்ப்பதற்காக அசையாமல் உட்கார்ந்தது. அந்த நேரத்தில் வளைந்த கம்பியைக் கொட்டைக்குப் பின்னால் விட்டு மெதுவாக முன்னால் இழுத்தேன். கொட்டை என் உள்ளங்கையில் விழுந்தது. குழந்தை ஒரு தும்மல் தும்மியது, டார்ச்சை மட்டும் விடவில்லை.

கொட்டையைத் தூர எறியப் போனேன். தாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போட்றாதீங்க நர்சம்மா. வெதைக்கி வெச்சிருந்தது, எண்ணிக்கையில கம்மியா இருக்குதேன்னு பாத்துக்கினு இருந்தேன்," என்றாள். வாங்கிக்கொண்டுபோய்க் கழுவி, முறத்தில் இருந்த மற்றக் கொட்டைகளோடு காய வைத்தாள்.